செங்கல்லில் வரைந்த நகரம்



பாபிலோனில் நாடு கடத்தப்பட்ட மக்களிடையே வாழ்ந்த எசேக்கியேல் இறைவாக்கினருக்கு ஆண்டவர் இட்ட கட்டளைகளுள் ஒன்று, நம்மில் பலருடைய கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது. அவரது நூலின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு செங்கல்லை எடுத்துத் தம்முன் வைத்து, அதன்மீது யெருசலேம் நகரை வரைந்து, அதைச் சுற்றி முற்றுகை அரண்களையும் மண்மேட்டையும் பாசறைகளையும் மதில் இடிக்கும் பொறிகளையும் அமைக்குமாறு அவருக்குச் சொல்லப்படுகிறது. களிமண்ணில் நகரப் படம் பொறிப்பது அந்நாட்டாரின் வழக்கமே. நிப்பூர் என்னும் பழம்பதியின் மதிலையும் வாயில்களையும் கால்வாயையும் காட்டும் களிமண் பலகை ஒன்று இன்றளவும் இருக்கிறது. ஆயினும் இறைவாக்கினரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாம் பிறந்த திருநாட்டின் தலைநகரை, தாம் குருவாகப் பணியாற்றியிருக்க வேண்டிய ஆலயம் இருந்த நகரை, பகைவனுடைய கண்ணால் பார்த்து அவர் வரைய வேண்டியிருந்தது. மதில் எங்கே மெலிந்திருக்கிறது, பாசறைக்கு ஏற்ற இடம் எது என்பவையே அந்தப் பார்வைக்கு வேண்டியவை.

நம் மதுரையும் அப்படி ஒரு கண்ணால் பார்த்து வரையப்பட்ட நகரந்தான். செங்கல்லில் அன்று, தாளில்.

1755ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் என்பவர் தலைமையில் ஆங்கிலக் கும்பெனியின் படை, ஆற்காட்டு நவாபின் தமையன் மாபூஸ் கானுடன் தென்பாண்டி நாட்டுக்கு வந்தது. நவாபுக்குச் சேரவேண்டிய கப்பத்தைப் பாளையக்காரர்களிடம் வசூலிப்பது நோக்கம். அதே ஆண்டில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்த மதுரைக் கோட்டையின் படம், நகரின் வரலாற்றை ஆராய்வோர் இன்று முதலில் தேடிப் போகும் தாள்களுள் ஒன்று. நாயக்க மன்னர் காலத்துக் கோட்டை இரட்டை மதிலும் ஆழ்ந்த அகழியும் எழுபத்திரண்டு கொத்தளங்களும் கொண்டதென்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பெருமையைப் பாட்டாக எழுதுவார் புலவர். படைப் பொறியாளரோ கோட்டையைச் சுற்றிவந்து, திசைகாட்டியால் கோணம் பார்த்து, சக்கரம் பொருத்திய கோலை உருட்டி அதன் சுற்றுகளை எண்ணித் தூரம் கணித்து, கஜக் கணக்கில் தாளில் இறக்குவார்.

அக்காலத்துப் போர்ப்படங்களின் முறையைச் சற்றே விளக்கினால் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த கனத்த தாள். வாத்து இறகின் பேனா. இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கருமை. கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய மதிலுக்குச் செந்நிறம் தீட்டுவார்கள். இனிமேல் எழுப்ப வேண்டிய வேலைப்பாட்டுக்கு மஞ்சள். குன்றுகளைத் தூரிகையின் நிழலால் காட்டுவார்கள். பீரங்கி மேடுகளுக்கு எழுத்துகளை இட்டு, ஓரத்தில் அவற்றின் விளக்கத்தை எழுதுவார்கள். படி எடுக்க வேண்டுமானால் மூலத்தைப் புதிய தாளின்மேல் வைத்து, கோடுகள் கூடும் இடங்களில் ஊசியால் குத்தி, அந்தப் புள்ளிகளை இணைப்பார்கள். அத்தகைய ஊசித் துளைகள் பல படங்களில் இன்றும் தெரிகின்றன. ஒரு வேடிக்கை: புல்வெளிக்கும் தோப்புக்கும் தீட்டிய பச்சை பெரும்பாலும் செம்பின் களிம்பிலிருந்து எடுத்தது. அது காலப்போக்கில் தாளையே அரித்துத் தின்றுவிடும். ஆகவே பழைய படங்கள் சிலவற்றில் சோலைகள் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.

ஹெரான் மதுரையைச் சுலபமாகவே கைக்கொண்டார். ஆனால் வழியில் கோயில்குடி என்னும் ஊரின் கோயிலைக் கொள்ளையிட்டு, அங்கிருந்த திருவுருவங்களையும் தூக்கிக்கொண்டு போனார். அவ்வாண்டு மே மாத இறுதியில் படை திருச்சிக்குத் திரும்பும்போது, நத்தம் கணவாயின் காட்டுக்குள் கள்ளர் நாட்டார் மறைந்திருந்து பாய்ந்து, பின்தொடர்ந்த சாமான் வண்டிகளைச் சிதறடித்துத் தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டார்கள். கோட்டையின் கோணமெல்லாம் அறிந்த படைக்கு நத்தம் காட்டின் ஒற்றையடிப் பாதை தெரியவில்லை. ஹெரான் பின்னர் சென்னையில் விசாரிக்கப்பட்டுப் பதவி நீக்கம் பெற்றார். இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதி வைத்தவர், அஞ்செங்கோவில் பிறந்து கும்பெனியின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம். படங்களைச் சேர்ப்பதில் அவரும் தீராத ஆசை கொண்டவர்.

அடுத்து வந்ததுதான் பெரும் முற்றுகை. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, கும்பெனியின் படையிலே வளர்ந்து, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆட்சியாளராகிய யூசுப் கான், நவாபுக்கும் கும்பெனிக்கும் எதிராக 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதுரை மக்கள் அவரைக் கான்சாகிபு என்றே அழைத்தார்கள். கான்சாமேட்டுத் தெரு அந்தப் பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது. அந்த ஆண்டு நடந்த முதல் முற்றுகையை மழை கலைத்தது. 1764இல் மேஜர் சார்லஸ் காம்பெல் மீண்டும் வந்தார். ஜூன் 26ஆம் நாள் நடந்த நேரடித் தாக்குதல் தோற்றது. மேஜர் பிரஸ்டன் அதில் படுகாயமுற்று இறந்தார். கோட்டையை மோதி வெல்ல முடியாதென்று கண்ட காம்பெல், வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார். அக்டோபர் 13ஆம் நாள், திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுத் தளபதி மர்ச்சாந்தும் கூடி யூசுப் கானைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது.

அவருடைய மனைவி மாசா போர்த்துக்கீசிய வழிவந்த கிறிஸ்தவப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். ஒரு சிறு மகனும் உண்டு. அந்த மாதங்களில் கோட்டைக்குள் இருந்த எளிய குடும்பங்கள் என்ன உண்டன, எந்தக் கிணற்றில் நீர் இறைத்தன என்பதை எந்தப் போர்ப்படமும் காட்டாது. மதிலுக்கு உட்புறம் பெரும்பாலும் வெறுந்தாள். அல்லது ஓர் அரண்மனை, ஒரு கோயில், ஒரு மருந்துக்கிடங்கு. குண்டு விழும் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது பீரங்கிக்குத் தேவையற்ற செய்தி.

நடுநிலையாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சித்தலைவர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்துச் சமன் செய்பவருக்கே அந்த நிலம் என்று அறிவித்ததால் வேலை விரைவாக முடிந்ததாம். அகழிக்கு வெளியே வெளி வீதிகள். உள்ளே மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். நில அளவையாளர் ஒருவரும் கொத்தனார் தலைவர் ஒருவரும் தெருப்பெயராக நிலைத்துவிட்டார்கள். பிளாக்பர்னுக்கோ ஒரு விளக்குத்தூண் கிடைத்தது. கீழவெளி வீதியில் நம் தூய மரியன்னை பேராலயத்துக்குப் போகிறவர்கள் பழைய மதிலின் வரம்பையொட்டியே நடக்கிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியிருக்கும் மேலவாசல் பகுதியை விட்டால், அந்தக் கோட்டையைக் காண வேறு கண்ணாடி இல்லை. பகைவர் வரைந்த தாள்தான் கண்ணாடி. நகரை வீழ்த்த வரைந்த படமே நகரின் ஞாபகமாகவும் ஆகிவிட்டது.

இத்தகைய தாள்களெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தன? அதுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த பகுதி.

ஐரோப்பிய அரச குடும்பங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் போர்ப்படங்களைச் சேர்ப்பது, நம் ஜமீன்தார்கள் குதிரையும் யானையும் சேர்த்ததைப் போல ஒரு கௌரவம். இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகனான கம்பர்லாந்து கோமகன் பெருந்தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் வெளியில் கிளர்ச்சியாளரை முறியடித்து, பின்னர் அவர்களுடைய ஊர்களில் நடத்திய கொடுமைக்காகக் கசாப்புக்காரர் என்று பெயர் பெற்றவர் அவர். தோற்ற குலத்தாரில் நம் கத்தோலிக்கரும் பலர். அந்த வெற்றிக்கு அடுத்த ஆண்டே, வில்லியம் ராய் என்ற இளைஞர் ஸ்காட்லாந்தின் மலையும் ஓடையுமாக அளக்கத் தொடங்கி, 1755 வரை அளந்தார். மலைநாட்டுக் குலத்தலைவர்கள் இனி ஒளிந்துகொள்ள இடமிருக்கக் கூடாது என்பதே கருத்து. ஹெரான் நம் பாளையங்களுக்குள் புகுந்ததும் அதே 1755இல்தான். ஸ்காட்லாந்துக் குலத்தலைவனும் திருநெல்வேலிப் பாளையக்காரனும் ஒருவரையொருவர் அறியார். இருவரையும் தாளில் அடக்க முயன்ற கை ஒன்றே.

கோமகன் 1765இல் இறந்தபின் அந்தத் தொகுப்பு அவருடைய அண்ணன் மகனான மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் சென்றது. அவரிடம் இன்னொரு வழியாகவும் படங்கள் வந்திருந்தன. அந்த வழி உரோமையிலிருந்து புறப்பட்டது. கர்தினால் பிரான்செஸ்கோ பார்பெரினியிடம் செயலராக இருந்த கசியானோ தல் பொட்சோ என்ற பிரபு, உலகின் பொருள்களையெல்லாம் படமாகத் தொகுக்க விரும்பியவர். பழங்கலை, செடிகொடி, பறவை, போர் என்று எதையும் விடவில்லை. அவர் 1657இல் மறைந்தார். அவருடைய குடும்பத்தார் 1703இல் அந்தத் தொகுப்பைத் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெந்துக்கு விற்றார்கள். பின்னர் அது திருத்தந்தையின் அண்ணன் தம்பி வழி உறவினரான அலெசாந்திரோ அல்பானியின் கைக்கு வந்தது. கர்தினாலாகிவிட்ட அல்பானி 1762இல் அதை இங்கிலாந்து மன்னருக்கு விற்றார். திருச்சபையின் வேந்தர்கள் சிலருடைய நூலகங்களில் செபநூல்களுக்குப் பக்கத்தில் முற்றுகைப் படங்களும் இருந்தன என்பதைக் கேட்டு யாரும் இடறலடைய வேண்டாம். அக்காலம் அப்படி. எனினும் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் ஜார்ஜ் தம் வாழ்நாளில் இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றதே இல்லை. அவருடைய தாளிலோ உலகமே இருந்தது. நிலப்படங்களும் ஊர்க்காட்சிகளும் ஏறத்தாழ ஐம்பதாயிரம்; போர்ப்படங்கள் மூவாயிரத்துக்கு மேல். 1823இல் அவருடைய மகன் நான்காம் ஜார்ஜ் தந்தையின் நூலகத்தை நாட்டுக்கு அளித்தபோது நிலப்படங்களும் உடன் சென்றன. போர்ப்படங்களை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவை விண்ட்சர் அரண்மனையில் இருக்கின்றன. 2020 முதல் அவற்றின் நிழற்படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்றாகிவிட்டது. மன்னரின் பேழையில் இருந்ததை இன்று கல்லூரி மாணவன் கைபேசியில் விரித்துப் பார்க்கிறான்.

இந்தப் படங்களை வரைந்தவர்களின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூர் அனாதை இல்லத்துச் சிறுவர்களே அதன் மாணவர்கள். ஐரோப்பியப் போர்வீரர்களுக்கு நம் நாட்டுப் பெண்களிடம் பிறந்தவர்கள் பலர். வெயிலிலும் காய்ச்சலிலும் சங்கிலி இழுத்துச் சீமை சீமையாக அளந்தார்கள் அந்தப் பிள்ளைகள். படத்தின் உடைமையாளருக்கு அரண்மனை இருந்தது. வரைந்தவருக்குத் தகப்பன் பெயரும் இல்லை.

இதுவரை சொன்னது மற்றவர் கதை. இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த சேசு சபைக் குரு ழான் வெனான் பூஷே அடிகளாரை ஆவூர்ப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். 1697இல் அங்கே ஆலயம் எழுப்பியவர் அவரே. புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்திய 1693ஆம் ஆண்டில் அவரும் இந்த மண்ணில்தான் உழைத்துக்கொண்டிருந்தார். சந்நியாசி உடையில் ஊர் ஊராக நடந்தவர். நடந்த நாள்களைக் கொண்டு தூரத்தைக் கணித்து, சூரியனின் உயரத்தை நோக்கி அட்சரேகை குறித்து, 1719 வாக்கில் தென்னாட்டின் படம் ஒன்றைத் தந்தார். மதுரை, தஞ்சை, மைசூர் அரசுகளின் உள்நாட்டை ஓரளவு சரியாக ஐரோப்பாவுக்குக் காட்டிய முதற்படங்களுள் அது ஒன்று. சேசு சபையாரின் மறைப்பணிக் கடிதத் தொகுதியோடு அது பாரீசில் அச்சேறியது.

கரையோரத்தைக் கப்பலோட்டிகள் அறிவார்கள். உள்நாட்டை அறிந்தவர் குருக்களே. பாளையத்தின் காவற்காரன் வணிகனை நிறுத்திச் சுங்கம் கேட்பான். சிப்பாயைக் கண்டால் ஓலை அனுப்புவான். நோயாளிக்குத் திருவருட்சாதனம் வழங்கப் போகும் சந்நியாசியை வழிவிட்டு அனுப்புவான். இந்த ஆற்றை எங்கே கடப்பது, அடுத்த ஊர் எத்தனை நாழிகைத் தூரம் என்று கேட்டால், தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். அந்தப் படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய நம்பிக்கை இருக்கிறது.

பாரீசில் தான்வீல் என்றொரு நிலப்பட அறிஞர் இருந்தார். மன்னரின் புவியியலாளர், ஓர்லேயான் கோமகனிடம் செயலராகவும் இருந்தவர். பயணமே செய்யாமல், பிறர் அனுப்பிய கடிதங்களையும் படங்களையும் ஒப்பிட்டே உலகை வரைந்தவர். 1752இல் அவர் வெளியிட்ட இந்தியப் படம் பிரெஞ்சுக் கும்பெனிக்காகச் செய்தது. அதில் தென்னாட்டின் உட்பகுதிக்குப் பூஷே அடிகளாரின் படம் அவருக்குப் பெருந்துணை. டூப்ளேயும் கிளைவும் கர்நாடகத்தில் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை! தான்வீலின் படத்துக்கு அவர் எழுதிய விளக்கம் 1759இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆக, நோயாளியைத் தேடிப் போன பாதை இரண்டு கும்பெனிகளின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. தான்வீல் சேர்த்துவைத்த ஏறத்தாழப் பத்தாயிரம் படங்களை 1779இல் பதினாறாம் லூயி மன்னர் விலைக்கு வாங்கினார். பத்தாண்டுகளில் புரட்சி வெடித்தது.

நம் மேடைகளில் பூஷே அடிகளாரின் படத்தைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. பேசட்டும், பெருமைக்குரிய அறிவுதான். அவரை ஒற்றர் என்று பழிப்போர் பேச்சை நான் ஏற்கமாட்டேன். ஆன்மாக்களைத் தேடி நடந்தவர், தம் பணித்தளத்தைச் சபையாருக்கு விளக்கவே வரைந்தார். ஆயினும் பெருமை பேசும்போது என் மனம் முழுவதும் அதில் ஒட்டுவதில்லை. மக்கள் குருவிடம் சொன்னது குருவுக்காகச் சொன்னது. தாளில் எழுதிவிட்டால் அது எழுதியவர் கையில் நிற்பதில்லை. தாவீது அரசர் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, இது எதற்கென்று தயங்கிக் கேட்டவன் யோவாபு. அவன் படைத்தலைவன். கணக்கு எதற்குப் பயன்படும் என்பது அவனுக்குத் தெரியும். யோசுவாவும் நாட்டை அளக்க ஆள்களை அனுப்பினார். அவர்கள் அளந்து எழுதிவந்த ஏட்டைக் கொண்டு நிலமில்லாத ஏழு குலங்களுக்குக் காணி பிரித்துக் கொடுத்தார். அளப்பது ஒன்றே, அளந்தது யார் கையில் சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் குடும்பப் பதிவேடு இருக்கிறது. வீடு சந்திப்புக்குப் போகும்போது நாங்கள் கேட்கிறோம், நீங்கள் சொல்கிறீர்கள்: எத்தனை பேர், யார் என்ன படிப்பு, எந்த மகன் வெளிநாட்டில், எந்த மகளுக்குத் திருமணம் ஆகவில்லை, வீடு சொந்தமா வாடகையா, எத்தனை குழி நிலம், யார் படுத்த படுக்கையில். பத்து ஆண்டு எழுதினால் அது ஓர் ஊரின் முழுப் படம். நகரசபைக்கும் தெரியாதது பங்குக் கோயிலுக்குத் தெரியும். தேர்தல் நெருங்கும்போது அந்தப் பதிவேட்டைத் தேடி வருவோர் எல்லாக் கட்சியிலும் உண்டு. நிலத்தரகர் வருகிறார், காப்பீட்டு முகவர் வருகிறார். கோயில் திருப்பணிக்கு நன்கொடையும் தருவதாகச் சொல்லி, கைபேசி எண்களை மட்டும் கணினியில் ஏற்றித் தரக் கேட்டார் ஒருவர். நல்ல மனிதர்தான்; கேட்பதில் என்ன தவறு என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. காப்பி கொடுத்துப் பேசி அனுப்பிவைத்தேன். பங்குப் பேரவையில் சிலர், திருப்பணி நிதி போயிற்றே என்று வருந்தினார்கள். வருத்தம் நியாயமே; கூரை இன்னும் ஒழுகுகிறது.

இவ்வாண்டு எங்கள் பங்கில் புதிய குடும்ப அட்டை அச்சிட்டோம். நிலம் எவ்வளவு, மாத வருமானம் எவ்வளவு என்ற இரு பத்திகளையும் பேரவை எடுத்துவிட்டது. நோயாளிகளின் பெயர்களும் கைபேசி எண்களும் தனி நோட்டில் இருக்கின்றன. நற்கருணை கொண்டுபோகும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாள்களில் ஞானஸ்நானப் பதிவேடுகளோடு இரும்புப் பெட்டியில் கிடக்கும். பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றொன்று உபதேசியாரிடம்.